டாக்டரம்மாவுக்கு வந்த ஒறம்பற

அந்தப் பல் ஆஸ்பத்திரிக்கு நான் போன முதல் நாள் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உடுமலைப்பேட்டையில் இளநீர் ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் அப்பா கொப்பரை வியாபாரி. தேங்காய்க்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இளநீர் கொடுத்து உபசரிப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. அதுவும் நான் அங்கே நோயாளியாகப் போகவில்லை. ஓர் ஓரமாக நின்று வேலையைப் பார்க்க அனுமதி கேட்டுப் போனவள். உதவி கேட்டுப் போனவளுக்குக் கண்ணாடி டம்ளரில் இளநீரை ஊற்றி, வழுக்கையைத் தனிக் கிண்ணத்தில் போட்டு, கரண்டியும் வைத்து, முன்னால் உட்கார்ந்து சீட்டு எழுதும் அக்கா இரண்டு கையாலும் நீட்டினார். "காரணமில்லாம எவனும் கும்புடு போடமாட்டான் கண்ணு" என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். குடித்துக்கொண்டே, இதில் என்ன காரணம் இருக்கும் என்று யோசித்தேன்.

நான் போன காரணம் எளிமையானது. கோயம்புத்தூரில் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். அமெரிக்காவில் இருக்கும் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அங்கே வந்து விட்டுப்போன பாடங்களைப் படித்துவிட்டுப் பல் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருந்தார். அங்கே மார்க் மட்டும் போதாதாம். பல் மருத்துவர் ஒருவருக்குப் பக்கத்தில் நின்று வேலையைப் பார்த்திருக்க வேண்டும், சம்பளமில்லாமல் ஏதாவது தொண்டு செய்திருக்க வேண்டும், அந்த மருத்துவர் நம்மைப் பற்றி நாலு வார்த்தை நல்லபடியாக எழுதித் தர வேண்டும். அதற்கு 'ஷேடோயிங்' என்று பெயர். அப்பா அதை மண்டியில் எல்லாருக்கும் விளக்கினார்: "டாக்டரு பின்னால நெழலாட்ட நிக்கோணுமாம். நின்னாத்தான் சீட்டாம்."

அப்பாவுக்கு இதில் வேறொரு கணக்கும் இருந்தது. எட்டு வயதில், தேங்காய் உரிக்கும் கம்பியில் அண்ணன் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டபோது, பார்த்துக்கொண்டிருந்த நான் மயங்கி விழுந்தேன். அடிபட்டவனை விட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அண்ணன் இன்றைக்கும் அதை விடாமல் சொல்லிக்காட்டுவான். ஆகவே அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "பல்லப் புடுங்கறதப் பக்கத்துல நின்னு பாரு. ரத்தத்தப் பாரு. பார்த்துப்போட்டு நட்டமா நின்னயின்னா டிக்கெட் போடலாம். விழுந்தயின்னா அங்க போயி யாரு தூக்குவா?" அவர் கேட்டது நியாயம்தான். எனக்கே தெரிய வேண்டியிருந்தது. விழுந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அண்ணனுக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா அதே கையோடு என் ஜாதகத்தையும் எடுத்துவிடுவாள்.

இந்த டாக்டரம்மாவைச் சொன்னதே அம்மாதான். எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டாக்டர் இருந்தார், கோயம்புத்தூரில் பெரிய பெரிய இடங்களும் இருந்தன. "பொம்பளப் புள்ள, பொம்பள டாக்டருகிட்டப் போறதுதான் மொற" என்றாள். டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். கல்யாணமாகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில், இரண்டு அறையும் ஒரு கூடமுமாகத் தனியாகவே நடத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தன்னைவிடச் சின்னவளுக்கு ஒரு மருத்துவர் எழுந்து நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "வாங்க, உக்காருங்க. ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்றார். எங்கள் பக்கத்தில் நாய்க்குட்டிக்கும் 'ங்க' போடுவோம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. ஆனால் அந்த 'ங்க'விலும் அளவு இருக்கிறது. எனக்குக் கிடைத்தது அளவுக்கு மேலே இருந்தது.

மறுநாள் முதல் காலை பத்து மணிக்குப் போய், கைகட்டி நின்றேன். பள்ளி ஆசிரியை ஒருவர் பல் சுத்தம் செய்ய வந்தார். ஜவுளிக்கடைக்காரர் மகள் கம்பி இறுக்கிக்கொள்ள வந்தாள். வங்கி மேலாளர் பல் கூசுகிறது என்று வந்தார். எல்லாரும் வாசனையாக வந்தார்கள், நன்றி சொல்லிப் போனார்கள். டாக்டரம்மா ஒவ்வொரு கருவியையும் எடுத்துக் காட்டி, பேர் சொல்லி, எதற்கு என்று விளக்கினார். எல்லாம் சுத்தமாக, அமைதியாக, பள்ளி ஆய்வாளர் வந்த அன்று நடக்கும் வகுப்பைப் போல நடந்தது. வாரம் ஒன்றாகியும் ஒரு பல்கூடப் பிடுங்கப்படவில்லை. பல் பிடுங்காத பல் ஆஸ்பத்திரியை யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஒரு மணிக்கெல்லாம் அந்த அக்கா என் பையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். "வெயில்ல நின்னு களைச்சுப்போயிட்டீங்க அம்மணி, கெளம்புங்க." நான் நின்றதோ ஏசி அறையில்.

அந்த அக்காவின் கேள்விகள் வேறு. அப்பா மண்டி எத்தனை வருஷமாக இருக்கிறது, அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி சொந்தமாக வைத்திருக்கிறாரா கூட்டா, அண்ணனுக்குக் கோபம் வருமா. ஒரு நாள் பஞ்சு உருட்டிக்கொண்டே, "நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்றார். எங்கள் பக்கம் புது ஆளைப் பார்த்தால் சுற்றி வளைத்தாவது கேட்டுவிடுகிற கேள்விதான் இது. ஒருவர் எந்தக் குலம், யாருக்கு யார் பங்காளி என்று தெரியாமல் சிலருக்குச் சோறு இறங்காது. எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அக்கா உள்ளே போய் டாக்டரம்மாவிடம் ஏதோ சொன்னார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. என் கூட்டத்தைக் கேட்டு மகிழ்ந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

டாக்டரம்மாவும் என்னை லேசில் நம்பவில்லை என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டேன். ஒரு நாள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி, என்னைப் பார்க்காமலே, "கீழ்க் கடவாய்ப் பல்லுக்கு எத்தனை வேருங்க?" என்றார். "ரெண்டுங்க. சிலருக்கு மூணு இருக்கும்" என்றேன். திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் பாராட்டைவிடத் திகைப்புதான் இருந்தது, இந்தப் பெண் நிஜமாகவே படித்திருக்கிறாளா என்பதுபோல. "அமெரிக்காவுல படிக்கப்போறது நெசந்தானுங்களா?" என்று கேட்டார். படிப்பில் என்ன நெசம், பொய்? அன்றிலிருந்து அவர் என்னைக் கவனிக்க, நான் அவரைக் கவனிக்க, நடுவில் நோயாளி வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார்.

போலி டாக்டராக இருக்குமோ என்று தோன்றியது. பேப்பரில் மாதம் ஒருவரையாவது பிடிக்கிறார்களே. பிடுங்கத் தெரியாததால்தான் பிடுங்குவதில்லையோ? சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை, செல்போனில் மணி பார்ப்பதுபோலப் படம் எடுத்து வந்து, பதிவு எண்ணை இணையத்தில் தட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. போலி என்று வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சரியான டாக்டர் ஒருவர் எதை ஒளிக்கிறார் என்று இனிமேல் யோசிக்க வேண்டியதாயிற்று.

தொண்டு விஷயம் இன்னும் மோசம். கிராமத்துப் பள்ளிகளில் அவர் முகாம் நடத்துவார் என்று கேள்விப்பட்டு, நானும் வருகிறேனே என்று கேட்டேன். டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டு, "இந்த மாசம் கேம்ப் இல்லீங்க அம்மணி" என்றார். டாக்டரம்மா கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அமராவதி அணைக்குப் போன சொந்தக்காரர்களோடு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் ஒரு நிறுத்தத்தில் பிள்ளைகள் கூட்டமாக ஏறினார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரே மாதிரி மஞ்சள் பிரஷ். "யாரு குடுத்தாங்க?" என்றேன். "பல்லு டாக்டரம்மா" என்று ஒரு பெண், முன்பல் இரண்டும் இல்லாத வாயால் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. விண்ணப்பத்துக்குத் தேவை என்று கேட்டும், என்னை ஏமாற்றி விட்டுவிட்டு இவர்கள் மட்டும் போயிருக்கிறார்கள்.

வீட்டில் என் ஒரே ஆறுதல் அம்மாதான். தினமும் நான் போனதும் காப்பியை நீட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். "இன்னைக்கு அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு? ஆளுங்ககிட்டப் பேச்சு எப்புடி? வெடுக்குனு பேசுதா? யாராரு வாறாங்க?" நான் பள்ளிக்கூடமும் கல்லூரியும் போன பதினைந்து வருஷத்தில் என் படிப்பைப் பற்றி இவ்வளவு ஆர்வமாக அவள் கேட்டதில்லை. அமெரிக்கா போகப்போகிற மகள் என்பதால் பாசம் கூடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆசிரியையும் வங்கி மேலாளரும் வந்ததைச் சொன்னேன். பொறுமையானவர், சிரித்த முகம் என்றும் சொன்னேன். என் சந்தேகங்களை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் போக வேண்டாம் என்பாள் என்று பயம். ஊரில் உள்ள எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், சந்தேகப்பட வேண்டிய ஓர் ஆளை விட்டுவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை உள்ளே யாரும் இல்லை. டாக்டரம்மா ஏதோ படித்துக்கொண்டிருந்தார். முகக்கவசம் வாங்கக் கீழே மருந்துக்கடைக்கு இறங்கினேன். படிக்கட்டுக்கு அடியில், சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். தலையிலும் சேலையிலும் தேங்காய் நார்த் தூள். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கி, அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடியிருந்தது. என் தாடையே வலிப்பதுபோல இருந்தது. "ஏனுங்க, பல்லுங்களா?" என்றேன். அவருக்கு வாய் திறக்க முடியவில்லை, பல்லைக் கடித்தபடியே பேசினார். "ஆமாங்க அம்மணி. பொழுதோட வரச் சொல்லிப்போட்டாங்க." உள்ளே யாருமே இல்லையே, எதற்குச் சாயங்காலம் என்று கேட்டேன். "டாக்டரம்மாவுக்கு ஒறம்பற வந்திருக்காங்களாமுங்க. அவங்க போனதுக்கப்புறம் வரோணுமாம். நேத்தும் அப்புடித்தான் சொன்னாங்க. பொழுதோட வந்தா எங்கூருக்கு பஸ்ஸு இல்லீங்க, திரும்பிப் போயிட்டேன்."

ஒறம்பற என்றால் எங்கள் பக்கத்தில் விருந்தாளி, உறவுக்காரர். சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கும் அதே சொல்தான். நான் நின்று யோசித்தேன். நேற்றும் இன்றும் மாடியில் டாக்டரம்மா, அக்கா, நான் மூன்று பேர்தான். ஒறம்பற எங்கே? அப்புறம்தான் உறைத்தது. அந்த விருந்தாளி நான்தான். எனக்கு இளநீர் கொடுத்துவிட்டு, இவரைப் படிக்கட்டுக்கு அடியில் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் கிளம்பிய பிறகு மாடிக்கு வருகிறவர்கள் யார் என்பதும், யார் முன்னால் யாரை ஒளிக்கிறார்கள் என்பதும் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. ஏன் என்பது மட்டும் புரியவில்லை. பெரிய இடத்துப் பெண், முகம் சுளிப்பாள் என்று நினைத்துவிட்டார்கள் போல என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

மேலே ஏறிப் போய் அக்காவிடம் சத்தமாகவே கேட்டேன். "மெதுவாப் பேசுங்க அம்மணி" என்று அவர் உள்ளறையைப் பார்த்தார். டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். கீழே ஒருத்தர் தாடை வீங்கி உட்கார்ந்திருக்கிறார், இரண்டு நாளாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கிப் போய், அந்தப் பெண்ணின் தோளை அணைத்துப் பிடித்து மேலே கூட்டி வந்தார். "ஏனக்கா, கத்திக் கூப்புட்டிருக்கலாமல்ல?" என்று அவரிடம் கேட்டதில் இருந்த உரிமையும் அதட்டலும், அந்த ஒன்றரை வாரத்தில் நான் கேட்காத குரல்.

அதன்பிறகு அந்த அறை வேறு அறையாக இருந்தது. விளக்கம் இல்லை, கருவியின் பேர் இல்லை. நாக்குக்கு அடியில் விரல் விட்டுப் பார்த்தார், எச்சில் முழுங்கச் சொன்னார், மூச்சு முட்டுகிறதா என்று கேட்டார். "இன்னொரு நாள் போயிருந்தா பெரியாசுபத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடியிருக்கோணும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஊசி போட்டார். எச்சில் உறிஞ்சும் குழாயை என் கையில் திணித்தார். அந்த வாய் கொஞ்சம்தான் திறந்தது. நாற்றம் குப்பென்று வந்தது. பல் அசைந்ததும் சீழும் ரத்தமும் சேர்ந்து வழிந்தது. எனக்குக் காதுக்குள் இரைச்சல் கேட்டது. எட்டு வயதில் வந்த அதே மயக்கம் வருகிறது என்று தெரிந்து கண்ணை மூடப் போனேன். "கண்ண மூடாதீங்க" என்றார் டாக்டரம்மா. "பார்க்கத்தான வந்தீங்க? நல்லாப் பாருங்க."

பார்த்தேன். அந்தப் பெண் என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். நாரில் காய்த்துப்போன அந்தக் கை இருந்த இறுக்கத்தில் மயங்கி விழக்கூட இடமில்லை. குழாயை நகர்த்தினேன், ரத்தம் உள்ளே போனது, பல்லின் இரண்டு வேரும் முழுசாக வெளியே வந்தன. டாக்டரம்மா அவர் தாடையைத் துடைத்து, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லி, உள்ளறையில் தன் சொந்த நாற்காலியில் உட்கார வைத்து, மின்விசிறியையும் திருப்பிவிட்டார். பிறகு கையுறையைக் கழற்றியபடி என் எதிரில் வந்து நின்றார். "போயி உங்க ஊட்டுல சொல்லுங்க. இந்தக் கை எல்லார் வாயிலயும் போகுமுன்னு சொல்லுங்க." நான் நிற்கிறேன், விழவில்லை என்ற சந்தோஷத்தில், "கண்டிப்பாச் சொல்றேனுங்க" என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

சொன்னேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, அடுப்படியில் நின்று, ஒன்று விடாமல் அம்மாவிடம் கொட்டினேன். நார்த் தொட்டியில் தேங்காய் மட்டை அடிக்கிற பெண், வீக்கம், சீழ், நான் விழாமல் நின்றது, அந்தம்மாவைத் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தது, இந்தக் கை எல்லார் வாயிலும் போகும் என்று அவர் சொன்னது. பெருமையில் எனக்கு மூச்சு வாங்கியது. அம்மாவின் கரண்டி நின்றது. "எந்த ஊருக்காரி அவ?" என்றாள். சொன்னேன். "ஊருக்குள்ளயா, அக்கட்டக் காலனியா?" சீட்டில் காலனி என்றுதான் எழுதியிருந்தது என்றேன். "மத்தவங்கெல்லாம் படுக்கற அதே சேர்லயா?" "வேற சேர் எங்கம்மா இருக்குது?" "அதே கையிலயா?" "கிளவுஸ் போட்டுத்தானம்மா." அம்மா கரண்டியைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். நான் மயங்கி விழவில்லை என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை நான் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது முற்றத்தில் அம்மா போனில் பேசுவது கேட்டது. எதிர்முனையில் தரகர். "வேண்டாமுங்க. கூட்டம் வேற, சாதகம் சேருது, எல்லாஞ் செரிதானுங்க. ஆனா நமக்கு ஒத்து வராது. நம்ம புள்ளையே பக்கத்துல நின்னு பார்த்துப்போட்டு வந்து சொல்லுதுங்க." அண்ணனுக்கு அம்மா பார்த்துக்கொண்டிருந்த பெண் டாக்டரம்மாதான். ஒரே கூட்டத்துக்குள் சம்பந்தம் கிடையாது என்பதால் எந்தக் கூட்டம் என்று அக்கா கேட்டது, அண்ணனின் கோபத்தைக் கேட்டது, ஆசிரியையும் மேலாளரும் மட்டும் வந்தது, ஒரு மணிக்குப் பை கைக்கு வந்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எங்கள் பக்கம் பெண் எடுப்பதற்கு முன் ஆள் விட்டு விசாரிப்பார்கள். விசாரிக்கப் போகிற ஆள் விசாரிக்கப் போனதாகச் சொல்வதில்லை. கடன் கேட்பதுபோல, வழி கேட்பதுபோலப் போவார்கள். எனக்கு முன்னால் ஒருவர் பல்வலி என்று பொய் சொல்லிக்கொண்டு, சொத்தையே இல்லாத வாயைத் திறந்துகாட்டி விசாரித்துவிட்டுப் போனதாகவும், கூடத்தில் காலனி ஆட்களைப் பார்த்ததால் மறுநாளே அந்தச் சம்பந்தம் நின்றுபோனதாகவும் அக்கா பின்னால் சொன்னார். அதனால்தான் அடுத்தவர் வரும்போது காலனி ஆட்கள் யாரும் கண்ணில் படக்கூடாது என்று அவர் முடிவு செய்திருந்தார். அமெரிக்கப் படிப்பு என்று சொல்லிக்கொண்டு வந்த என்னை அவர்கள் எப்படி நம்புவார்கள்?

"நான் பல்லுக்குப் படிக்கப் போனேன், நீ என்னைய வேவு பார்க்க அனுப்புனயா?" என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா அசரவில்லை. "போறது போற, ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சா என்ன கண்ணு தப்பு? முன்னாலயே சொல்லியிருந்தா நீ வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருப்பயா?" என்றாள். நானும் நாளைக்கு அதே வேலையைத்தான் செய்யப்போகிறேன், யார் வந்தாலும் கையை விடத்தான் போகிறேன் என்றேன். அம்மா என் தலையிலிருந்து சொட்டிய தண்ணீரைத் தன் முந்தானையால் ஒற்றி எடுத்தாள். "நீ அமெரிக்காவுலதான கண்ணு பண்ணப்போற. அங்க யாரு எவருன்னு நமக்கென்ன தெரியும்?" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள்.

அன்றைக்கும் போனேன். போகாமல் இருந்தால்தான் வேவு என்று ஆகிவிடும். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, இளநீரும் இல்லை. டாக்டரம்மா உள்ளே தனியாக இருந்தார். "எனக்குத் தெரியாதுங்க" என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். "ஊட்டுல சொன்னீங்களா?" "சொன்னேனுங்க." "என்ன சொன்னாங்க?" நான் சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பியது உங்களுக்குத் தெரியுமா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "தெரியாதுன்னு சொன்னா நம்புவீங்களா?" என்றார். நம்புகிறேன் என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால், இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா முகாம் இல்லை என்று சொன்னபோது நிமிராமல் கருவியைத் துடைத்த அந்தக் கை என் மனத்தில் இருக்கிறது. செருப்பில்லாமல் படியிறங்கிய அந்தக் காலும் இருக்கிறது. இரண்டும் அவருடையவைதான்.

நான் கிளம்பும்போது கூப்பிட்டார். "நாளைக்கு எட்டரைக்கே வந்துரு கண்ணு. கூட்டம் இருக்கும்." அதுவரை எனக்குக் கொடுத்திருந்த அத்தனை 'ங்க'வையும் ஒரே வாக்கியத்தில் திருப்பி எடுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். மறுநாள் எட்டரைக்குக் கூடம் நிறைந்திருந்தது. களத்து வேலைக்குப் போகிறவர்கள், நார்த் தொட்டிக்காரர்கள், கையில் குழந்தையோடு வந்தவர்கள், கூடவே அந்த வங்கி மேலாளரும். அடுத்த மூன்று மாதம் நான் குழாய் பிடித்தேன், பஞ்சு உருட்டினேன், ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தேன். அப்பாவிடம் ரத்தம் பார்த்ததைச் சொன்னேன். அவர் டிக்கெட் போட்டார். டாக்டரம்மா எனக்காக எழுதித் தந்ததில், இந்தப் பெண் எதையும் எளிதில் நம்பமாட்டாள், மருத்துவத்துக்கு அது நல்லது என்று ஒரு வரி இருந்தது.

இப்போது நான் இங்கே, அமெரிக்காவில், பல் மருத்துவம் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். நேர்முகத்தில் யாருடைய நிழலாக நின்றாய், என்ன கற்றாய் என்று கேட்டபோது, கருவிகளையும் கிருமி நீக்கத்தையும் பற்றிப் பேசினேன். ஒறம்பற என்ற சொல்லை அவர்களுக்கு எப்படி விளக்குவது? அண்ணனுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது. டாக்டரம்மாவுக்கு ஆனதா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் விசாரணைதான்.

போன வாரம் அம்மா போன் செய்தாள். பேச்சு கொழகொழவென்று வந்தது. கடைவாய்ப் பல்லில் வலி. கோயம்புத்தூரில் நாலு நாள் கழித்து வரச் சொன்னார்களாம். ராத்திரி பூராவும் தாங்க முடியாமல், காலையில் அப்பா அவளை மருந்துக்கடை மாடிக்குக் கூட்டிப் போய்விட்டார். "கூட்டம் கண்ணு, நின்னுதான் போனோம். டாக்டரம்மா பேரக் கேட்டாங்க, ஊரக் கேட்டாங்க. தெரிஞ்சவங்களாட்டவே காட்டிக்கல. நல்லாத்தான் பார்த்தாங்க. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு." அம்மா அவரை 'அந்தப் புள்ள' என்று சொல்லாததை நான் கவனித்தேன். உனக்கு முன்னால் அந்தச் சேரில் யார் படுத்திருந்தார்கள் என்று வேண்டுமென்றே கேட்டேன். "வலிச்ச வலியில அதெல்லாம் ஆரு கண்ணு பார்த்தா?" என்றாள். பிறகு அவளே சொன்னாள். "பல்ல எடுத்துப்போட்டு, கிளவுசக் கழட்டிக்கிட்டே ஒண்ணு கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. 'நல்லா விசாரிச்சாச்சுங்களாம்மா, திருப்திதானுங்களா?'ன்னாங்க."

"நீ என்னம்மா சொன்ன?" என்றேன்.

"என்னத்தச் சொல்றது" என்றாள் அம்மா. "வாயில பஞ்சு கண்ணு."